பார்வோவைரஸ்: 426ஆம் இடமும் 112ஆம் நாளும்

"போட்ட ஊசி இந்தப் புது பார்வோவுக்குக் கேட்குமா, டாக்டர்?" நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குட்டி இரண்டு நாளாகத் தின்னவில்லை. முதலில் வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல். ஊசி அட்டையில் இரண்டு முத்திரைகள் இருக்கின்றன. இருந்தும் நோய் வந்துவிட்டது. வைரஸ் உருமாறிவிட்டது, 2சி என்று ஒரு வகை வந்திருக்கிறது, பழைய ஊசிக்கு அது அடங்காது என்ற விளக்கம் யாரிடமிருந்தாவது கிடைத்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி உண்மைதான். நாய்ப் பார்வோவைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. தோன்றிய காலம் முதல் இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடரப்பட்ட விலங்கு வைரஸ்கள் மிகக் குறைவு. ஆனால் குட்டிகள் சாவதற்குக் காரணம் அந்த மாற்றம்தானா என்பது தனிக் கேள்வி. இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால் எளிதில் காப்பாற்றக்கூடிய குட்டிகளை நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

1978க்கு முந்தைய கால்நடை மருத்துவ நூல்களில் இந்த நோய் கிடையாது. அந்த ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எனக் கடல் கடந்த நிலப்பரப்புகளில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நாய்கள் ரத்தக் கழிச்சலில் விழுந்தன. வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த சில வாரக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறிச் செத்தன. அறுத்துப் பார்த்தபோது இதயத் தசை அழற்சி தெரிந்தது. உலகின் பெரும்பாலான நாய்களுக்கு இந்தக் கிருமிக்கு எதிரான சக்தி அப்போது இல்லை. 1967இல் நாயில் வேறொரு சிறிய பார்வோவைரஸ் கண்டறியப்பட்டிருந்ததால், புதியதற்குச் சிபிவி-2 (நாய்ப் பார்வோவைரஸ்-2) என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு, பழைய ஆராய்ச்சிகளுக்காக உறைநிலையில் வைத்திருந்த நாய்களின் ரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். கிரேக்கத்தில் 1974இல் சேகரித்த மாதிரியில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. உலகம் அறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வைரஸ் ஐரோப்பாவில் ஓசையில்லாமல் உலவத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் நோய் முதலில் பதிவானது சென்னையில், 1980களின் தொடக்கத்தில்.

இது எங்கிருந்து வந்தது? பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்ற நோயை 1920களிலிருந்தே மருத்துவர்கள் அறிவார்கள். குடலை அரித்து, ரத்த வெள்ளணுக்களைச் சரியவைக்கும் நோய் அது. 1940களின் இறுதியில் கனடாவில் மிங்க் என்ற விலங்கை வளர்க்கும் பண்ணைகளிலும் அதே இனத்து வைரஸ் தலைகாட்டியது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நிறுவனத்தில் மாக்ஸ் ஆப்பல், லீலண்ட் கார்மைக்கேல், அவர்களுக்குப் பின் காலின் பாரிஷ் ஆகியோர் செய்த ஆய்வுகள் நாய் வைரஸ் பூனை வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டின. இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒன்றே. அந்த உறவுதான் முதல் தற்காப்பையும் தந்தது: நாய்க்கென்று ஊசி தயாராகும்வரை பூனைக்கான தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டார்கள். பூனைத் தடுப்பூசியில் இருந்த வைரஸே தப்பித்து நாய்க்குத் தாவிவிட்டதோ என்ற சந்தேகமும் அப்போது எழுந்தது. மரபு வரிசைகளை ஒப்பிட்டபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

வைரஸின் உடலமைப்பு வெகு சிக்கனமானது. ஏறத்தாழ 5,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை டிஎன்ஏ. அதைச் சுற்றி 60 புரதத் துண்டுகளால் ஆன உறை. உறையின் பெரும்பகுதி விபி2 என்ற புரதம். அதில் 584 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. பூனை வைரஸையும் 1978இன் நாய் வைரஸையும் அருகருகே வைத்தால், இந்த 584 இடங்களில் ஆறேழு இடங்களில் மட்டுமே வேறுபாடு தெரியும். அவற்றிலும் 93, 323 என்ற இரண்டு இடங்கள் முக்கியமானவை. 1992இல் வெளியான பாரிஷ் குழுவின் சோதனையில், அந்த இரண்டு இடங்களை மட்டும் நாய் வைரஸில் உள்ளபடி மாற்றினார்கள். அதுவரை நாய்ச் செல்லில் நுழைய முடியாமலிருந்த பூனை வைரஸ் உடனே நுழைந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கான விடை செல்லின் வெளிச்சுவரில் இருக்கிறது. ரத்தத்திலிருந்து இரும்புச் சத்தை உள்ளிழுக்க ஒவ்வொரு செல்லும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதத்தை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு இரும்பு அதிகம் தேவை. ஆகவே ஏற்பிகளும் அங்கே அதிகம். பார்வோவைரஸுக்குத் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் சொந்தக் கருவி கிடையாது. பிளந்து பெருகும் செல்லின் கருவியையே அது நம்பியிருக்கிறது. எனவே பெருகும் செல் எதுவோ அதைத் தேடி அதன் இரும்பு வாசல் வழியாகவே நுழைகிறது. குடல் சவ்வின் அடிக்குழிகள், எலும்பு மச்சை, நிணநீர்த் திசுக்கள், பிறந்து சில நாள்களே ஆன குட்டியின் இதயத் தசை ஆகியவை அதற்கு இலக்காவது இதனால்தான். கழிச்சல், வெள்ளணுச் சரிவு, இதயச் சாவு என்ற மூன்று வேறு நோய்முகங்களும் இந்த ஒரே காரணத்திலிருந்து கிளம்புகின்றன.

நாயின் ஏற்பியில் பூனைக்கு இல்லாத ஒன்று உண்டு. அதன் 384ஆம் இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூனை வைரஸ் அதில் இடறி நின்றுவிடும். 93, 323 ஆகிய இடங்களின் மாற்றம் உறையின் மேற்பரப்பைச் சற்றே திருத்தி, அந்தச் சங்கிலியை மீறி ஏற்பியைப் பற்றும் வசதியைத் தந்தது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கதையை இன்னும் பின்னோக்கி எடுத்துச் சென்றது. நாய், நரி, கரடி போன்ற விலங்குகளின் ஏற்பி மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நாய்க் குடும்பத்தின் முன்னோர்களைப் பார்வோ போன்ற ஒரு வைரஸ் தாக்கியிருக்க வேண்டும், அதிலிருந்து தப்பும் வழியாகவே இந்தச் சர்க்கரைச் சங்கிலி நிலைபெற்றிருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அப்படியானால் 1978இல் வந்தது புதிய எதிரி இல்லை. வெகு காலத்துக்கு முன் விரட்டப்பட்டது வழி கண்டுபிடித்துத் திரும்பியிருக்கிறது. இந்த விளக்கம் என்னைப் பெரிதும் கவர்கிறது. வைரஸின் மரபுக் குறிப்பை மட்டும் படித்தால் கதையில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அது புகும் விலங்கின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது.

1978இன் வைரஸ் நாயைப் பிடித்த கையோடு பூனையை விட்டுவிட்டது. பூனைக்குள் அதனால் பெருக முடியவில்லை. ஆனால் அந்த வைரஸ் நீண்டநாள் நிலைக்கவில்லை. 1979, 1980 வாக்கில் 2ஏ என்ற வடிவம் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பழைய வடிவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 87, 101, 300, 305 ஆகிய இடங்களில் அது மாறியிருந்தது. இந்த மாற்றத்தோடு பூனையைத் தொற்றும் திறனும் திரும்பிவந்தது. இன்று தெருவில் உலவும் எல்லா வகைகளும் இந்த 2ஏயின் வாரிசுகளே. மூல வடிவம் தடுப்பூசிக் குப்பிகளில் மட்டுமே பரவலாக மிஞ்சியிருக்கிறது.

300ஆம் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைரஸ் எந்த விலங்கில் வாழ்கிறதோ அதற்கேற்ப இந்த இடம் மாறுகிறது. அமெரிக்காவில் ரக்கூன் என்ற காட்டு விலங்கிடமிருந்து எடுத்த வைரஸ்களை 2012இல் ஆராய்ந்தபோது, சில சிபிவி-2க்கும் 2ஏக்கும் இடைப்பட்ட மரபமைப்போடு இருந்தன. 300ஆம் இடம் நாய் வைரஸிலிருந்து வேறுபட்டிருந்தது. நாய்க்குள்ளேயே நேர்கோட்டில் நடந்ததாக நினைத்திருந்த பரிணாமம் காட்டு விலங்குகளைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. காட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து எவ்வளவு கொடியது என்பதை வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவு காட்டியது. அங்கே 1980இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982இல் 14தான். தடையை மீறி யாரோ கொண்டுவந்த நாய் வழியாகப் பார்வோ தீவுக்குள் வந்தது என்பதே அறிஞர்களின் முடிவு. காட்டோரக் கிராமங்களின் நாய்களுக்கு ஊசி போடுவது நாய்களுக்கான நன்மை மட்டுமில்லை என்பதை நம் வனத்துறைகள் கவனிக்க வேண்டும்.

இனி 426ஆம் இடத்துக்கு வருவோம். 2ஏ வகையில் அந்த இடத்தில் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. 1984இல் அது ஆஸ்பார்டிக் அமிலமாக மாறிய வைரஸ்கள் கிடைத்தன. 2பி என்று பெயரிட்டார்கள். 2000இல் இத்தாலியில் அதே இடத்தில் குளூட்டாமிக் அமிலம் உள்ள வைரஸ் கிடைத்தது, அது 2சி. ஜெர்மனியில் சேமித்து வைத்திருந்த 1996ஆம் ஆண்டின் மாதிரிகளிலும் 2சி பின்னர் தென்பட்டது. டிஎன்ஏ அளவில் இந்த மாற்றங்கள் எவ்வளவு சிறியவை என்றால், ஏஏடி என்ற மூவெழுத்து ஜிஏடி ஆனால் 2பி. அதிலும் கடைசி எழுத்து மாறி ஜிஏஏ ஆனால் 2சி. 2சி தென் அமெரிக்காவிலும் வேகமாகப் பரவியது. இந்தியாவில் 2010 வாக்கில் பதிவானது. ஆசியாவில் இப்போது பரவிவரும் 2சி, இத்தாலியில் முதலில் கண்டதன் நேரடிப் படியும் இல்லை. 5, 267, 324, 370 ஆகிய இடங்களிலும் மாறுபட்ட தனிக் கிளை அது. சீனா, தைவான், தாய்லாந்து, வியட்நாம், இந்தியா என்று படர்ந்து, ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெயரிடும் முறையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. முழு மரபுத் தொகுதியையும் வரிசைப்படுத்திக் குலமரம் வரைந்தால் 2ஏ, 2பி, 2சி என்பவை மூன்று தனிக் கிளைகளாகப் பிரிவதில்லை. 426ஆம் இடத்து மாற்றம் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. ஆசியாவின் 2சி, இத்தாலியின் 2சியைவிட ஆசியாவின் 2ஏக்கே நெருங்கிய சொந்தமாக இருப்பதுண்டு. வண்டியின் நிறத்தைப் பார்த்து எஞ்சின் எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்வதைப் போன்றது 426ஐ மட்டும் பார்த்து வகை பிரிப்பது. விலங்கு விட்டு விலங்கு தாவுவதைத் தீர்மானிக்கும் 93, 300, 323 ஆகிய இடங்களுக்கு இந்தப் பெயர்களில் இடமே இல்லை. 1980களில் ஒரு சில குறிப்பிட்ட ஆன்டிபாடிகளைக் கொண்டு வைரஸ்களைப் பிரித்தறிந்த காலத்தில் இந்த முறை பொருத்தமாக இருந்தது. முழு வரிசையைப் படிக்கும் வசதி வந்துவிட்ட இன்று அதையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயம் குறைவு. நம் நாட்டு ஆய்வேடுகள் பலவும் விபி2 மரபணுவின் ஒரு துண்டைப் படித்து, இத்தனை 2ஏ, இத்தனை 2சி என்று எண்ணிக்கை சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த உழைப்புக்கு உரிய பலன் அதிலிருந்து கிடைப்பதில்லை.

மாறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 2005இல் ஷேக்கல்டன், பாரிஷ், ட்ரூயன், ஹோம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி நாய்ப் பார்வோவைரஸில் ஓர் எழுத்துக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு என்ற அளவில் மாற்றம் நிலைபெறுகிறது. 5,000 எழுத்துகளுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு ஓர் எழுத்து. சாதாரணமாக ஆர்என்ஏ வைரஸ்களிடம்தான் இத்தகைய வேகத்தை எதிர்பார்ப்போம். இவ்வளவு பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. ஒற்றை இழை டிஎன்ஏ வேதிச் சிதைவுக்கு எளிதில் ஆளாகிறது என்பது ஒரு விளக்கம். இதற்கு மாறாக, நாற்பது ஆண்டு மாதிரிகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வு, ஒரு நாயின் உடலுக்குள் இருக்கும் வைரஸ்களிடையே வேறுபாடு மிகக் குறைவு என்று கண்டது. ஒவ்வொரு நோயாளி நாயும் புது வகைகளை உற்பத்தி செய்யும் ஆலை என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. கோடிக்கணக்கான தொற்றுகளில் எப்போதோ எழும் ஒரு பயனுள்ள மாற்றம், தடுப்பு இல்லாத நாய்க் கூட்டத்தில் ஓடிப் பரவுகிறது.

இந்த மாற்றங்கள் தடுப்பூசியைத் தோற்கடிக்கின்றனவா? 426ஆம் இடம் உறையின் வெளிநீட்டிய முகட்டில், ஆன்டிபாடிகள் பற்றும் பகுதியில் இருக்கிறது. சில ஆன்டிபாடிகள் ஒரு வகையைப் பற்றும், மற்றொன்றைப் பற்றாது. இத்தாலியில் ஊசி போட்ட வளர்ந்த நாய்களையும் 2சி தாக்கியது பதிவாகியுள்ளது. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம், மூல வடிவமான சிபிவி-2 கொண்ட ஊசியைப் போட்டு, பிறகு 2சி வைரஸை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஒன்றுக்கு மேல் நடந்துள்ளன. ஊசி சரியாகப் பிடித்த நாய்கள் அவற்றில் நோயிலிருந்து தப்பின. உடல் ஒரே ஆன்டிபாடியை மட்டும் செய்வதில்லை; உறையின் பல இடங்களைப் பற்றும் ஒரு படையையே செய்கிறது. ஓர் இடம் மாறினால் அந்தப் படை முழுதும் செயலிழப்பதில்லை. இன்று கையில் உள்ள சான்றுகளின்படி, நல்ல தரமான ஊசி, எந்த மூல வகையில் செய்ததானாலும், மூன்று வகைகளிலிருந்தும் நாயைக் காக்கிறது என்பதே என் முடிவு.

அப்படியென்றால் அட்டையில் இரண்டு முத்திரை வாங்கிய குட்டி ஏன் சாகிறது? பெரும்பாலும் தாயின் சீம்பாலால். பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் ஆன்டிபாடிகள் அதன் ரத்தத்துக்கு வருகின்றன. அவை சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். நிறைய இருக்கும்வரை வைரஸையும் தடுக்கும், உயிருள்ள ஊசி மருந்தையும் கொன்றுவிடும். குறைந்துபோகும் வழியில் ஓரிரண்டு வார இடைவெளி வருகிறது: தெரு வைரஸை நிறுத்தப் போதாத அளவு, ஆனால் வலுக்குறைத்த ஊசி வைரஸை அழிக்கப் போதுமான அளவு. அந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வயதில் வரும். ஒரே ஈற்றுக் குட்டிகளில்கூட முட்டிமோதி அதிகப் பால் குடித்தது ஒன்று, கடைசியில் கிடைத்ததைக் குடித்தது ஒன்று. சில குட்டிகளில் தாயின் ஆன்டிபாடி 12 வாரத்தைத் தாண்டியும் நின்று ஊசியைத் தடுக்கும்.

நம் ஊரில் முதல் ஊசியை 45ஆம் நாளில் போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அதாவது 66ஆம் நாள் வாக்கில். பல வீடுகளில் பார்வோ ஊசி அதோடு முடிந்துவிடுகிறது. உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகத் தொடர்ந்து, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும் என்கிறது. 16 வாரம் என்றால் 112ஆம் நாள். 66க்கும் 112க்கும் இடையில்தான் நம் குட்டிகளில் பல விழுகின்றன. அவற்றின் கழிச்சலை எடுத்து வரிசைப்படுத்தினால் 2சி என்று விடை வரும், ஏனென்றால் ஊரில் உலவுவது அதுதான். குட்டியை வீழ்த்தியது அந்த 426ஆம் இடம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஊசி பிடித்ததா, குளிர்ச்சி குறையாமல் மருந்து வந்ததா, எந்த நாளில் போட்டது என்ற விவரங்கள் இல்லாத மரபுத் தரவு இந்தக் கேள்விக்குப் பதில் தராது.

மக்கள்தொகையின் எதிர்ப்புச் சக்தி எப்படி நோயின் முகத்தையே மாற்றும் என்பதற்கு இதய நோயே சாட்சி. 1978, 1979இல் மூச்சுத் திணறிச் செத்த குட்டிகளை இன்றைய மருத்துவர்கள் அரிதாகவே பார்க்கிறார்கள். வைரஸுக்கு இதயத்தைத் தாக்கும் திறன் இருந்துகொண்டுதான் இருக்கிறது. தாய் நாய்களில் பெரும்பாலானவை ஊசியாலோ பழைய தொற்றாலோ ஆன்டிபாடி பெற்றிருப்பதால், இதயத் தசை பெருகும் அந்த முதல் நாள்களில் குட்டி பாதுகாப்போடு இருக்கிறது. வைரஸில் அதன்பின் நடந்த எல்லா மரபு மாற்றங்களையும் சேர்த்தாலும், நோயின் தோற்றத்தை அவை இந்த அளவுக்கு மாற்றவில்லை.

சிகிச்சையிலும் வகை பார்த்து மருந்து கொடுப்பதில்லை. நரம்பு வழியாகத் திரவம், வாந்திக்கு மருந்து, குடல் வழியே ரத்தத்தில் நுழையும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக், தாங்கும் அளவுக்கு விரைவில் உணவு. இவை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறக்கின்றன. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. நோயுற்ற நாய் கழித்த மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாராயம் கலந்த கைத்திரவத்துக்கு அது அசையாது; நீர்த்த பிளீச்சிங் கரைசலுக்கு அழியும். பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீட்டில் இன்னொரு குட்டியைக் கொண்டுவருவதற்கு முன், அதன் ஊசி வரிசை முழுதாக முடிந்திருக்க வேண்டும்.

கால்நடைப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது 426ஐ மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். முழு மரபுத் தொகுதியையும் படியுங்கள். குட்டியின் வயதையும், போட்ட ஊசிகளின் பெயரையும் தேதியையும் அதனோடு சேர்த்தே வெளியிடுங்கள். ஊசி போட்ட ஓரிரு வாரத்தில் கழிச்சலில் வெளிவருவது ஊசி வைரஸாகவும் இருக்கலாம் என்பதால், இந்தத் தேதி இல்லாமல் வரிசையைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது. ஆசியக் கிளை எந்தப் பக்கம் மாறிப்போகிறது, ஊசியை உண்மையிலேயே மீறும் நாள் வந்துவிட்டதா என்பதை அந்தத் தரவுதான் முதலில் சொல்லும். நாய் வளர்ப்பவர்களோ அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள குட்டியின் அட்டையை எடுத்து, கடைசி பார்வோ ஊசியின் தேதியைப் பாருங்கள். அது 112ஆம் நாளுக்கு முன்பு விழுந்திருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போய் இன்னொன்று போடுங்கள்.